பட்டை வாளின் வயிறு

நாகரசம்பட்டியில் மர அறுவை மில் நடத்தும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். கடிதத்தோடு செய்தித்தாளில் சுற்றிய ஒரு சாண் நீள இரும்புப் பட்டையும் வந்தது. பேண்ட்சாவின், அதாவது இரண்டு சக்கரத்தைச் சுற்றி ஓடும் பட்டை வாளின், உடைந்த பிளேடுத் துண்டு. ஐந்து பல், அதில் இரண்டு அடியோடு பெயர்ந்திருந்தன. அப்பா காலத்து மில். தடியை டிராலியில் ஏற்றி அறுக்கும் ஒரே ஒரு பேண்ட்சா. ஓசூர் ஆலைகளுக்குப் பேக்கிங் பெட்டியும் பேலட்டும் அடிப்பவர்கள் பலகை கேட்கிறார்கள், கேட்ட அளவுக்குக் கொடுக்க முடியவில்லை. ரீசா ஒன்று வாங்கலாமா, எதை வாங்குவது என்பது அவர் கேள்வி.

ரீசா என்றால் மறு அறுவை எந்திரம். தடியைச் சதுரமாக்குவது அதன் வேலை இல்லை. சதுரித்து வந்த கட்டையைப் பலகை பலகையாகப் பிளப்பது மட்டும்தான்.

எங்கள் ஊர்க் கல்யாணங்களில் தலைமைச் சமையல்காரர் பூசணிக்காயை அரிவாளால் நாலாகப் போட்டுத் தள்ளிவிடுவார். அரிவாள்மணையில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் அதைப் பத்தை போட்டு, துண்டு போடுவார்கள். துண்டு போடுவதையும் அவரே செய்யட்டும் என்று விட்டால், பூசணிக்காய் வாசல் வரைக்கும் வரிசையில் நிற்கும். ஒற்றை டிராலி மில்லில் நடப்பது அதுதான். 30 சென்டிமீட்டர் சதுரக் கட்டையில் 25 மில்லிமீட்டர் பலகை 11 எடுக்க வேண்டும் என்று வையுங்கள். நாலு பக்கம் சீவ 4 அறுப்பு, பிளக்க 10. மொத்தம் 14 தடவை டிராலி போய்த் திரும்ப வேண்டும். பிளக்கிற வேலையை ரீசா எடுத்துக்கொண்டால் டிராலி நாலே நடையோடு அடுத்த தடிக்குப் போய்விடும்.

ஆனால் வாங்குவதற்கு முன் ஒரு வாரம் மில்லில் நின்று, மரம் எங்கே காத்துக் கிடக்கிறது என்று பாருங்கள். டிராலிக்கு முன்னால் தடி குவிந்திருந்தால் ரீசா உதவும். அறுத்த பலகை ஓரம் வெட்ட ஆளில்லாமல் குவிந்திருந்தால், ரீசா அந்தக் குவியலை இன்னும் பெரிதாக்கும், அவ்வளவுதான்.

11 பலகை என்ற கணக்கிலும் ஒரு சேதி இருக்கிறது. வட்ட ரம்பத்தில் பிளப்பவர்கள் இன்னும் உண்டு. அந்த ரம்பம் ஓர் அறுப்புக்கு 6 மில்லிமீட்டர் தின்றால், அதே கட்டையில் 9 பலகைதான் தேறும். பட்டை வாள் தின்பது 2 மில்லிமீட்டர்; 11 தேறுகிறது. அந்த இரண்டு பலகை முன்பு மரத்தூளாகப் போய்க்கொண்டிருந்தது. முப்பது நாற்பது வருடம் காய்த்த மாமரத்தை வெட்டிவிட்டு அதில் ஐந்தில் ஒரு பங்கைத் தூளாக்குவதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடிவதில்லை.

வகைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். செங்குத்து ரீசாவில் கட்டை நின்றவாக்கில் உருளைகளுக்கு நடுவே நகரும். மூன்று நான்கு அடி பேலட் கட்டைக்கு அது போதும், இடமும் அதிகம் கேட்காது. படுக்கை ரீசாவில் கட்டை பெல்ட்டில் படுத்தே வரும், மேலிருந்து ஒவ்வொரு பலகையாகக் கழன்று விழும். தூக்குகிற வேலை குறைவு, நீளக் கட்டைக்கு நல்லது. ஒன்றேகால், ஒன்றரை அங்குல அகலப் பிளேடு ஓடும் எந்திரம் விலை குறைவு, பராமரிப்பும் எளிது. நாலு அங்குலம், அதற்கு மேல் அகலப் பிளேடு வேகமாகத் தள்ளினாலும் நேராக அறுக்கும். ஆனால் அதற்குக் கை தேர்ந்த ஆள் வேண்டும். ஏன் வேண்டும் என்பதில்தான் இந்த எந்திரத்தின் அதிசயமே இருக்கிறது.

சிறுவயதில் மாவு மில்லில் தூக்குச்சட்டியோடு வரிசையில் நிற்கும்போது என் கண் மாவின் மேல் இருக்காது. மோட்டாரிலிருந்து கல்லுக்கு ஓடும் தட்டை பெல்ட்டின் மேல் இருக்கும். பிடிப்பு இல்லை, வரம்பு இல்லை, அது ஏன் சக்கரத்தை விட்டு நழுவவில்லை? வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது: சக்கரத்தின் முகம் நடுவில் துளி மேடாக இருக்கும். ஓடுகிற பெல்ட் பள்ளத்துக்குச் சரியாது, மேட்டுக்கு ஏறும். பேண்ட்சா பிளேடும் பெரும்பாலும் அந்த மேட்டையும், மேல் சக்கரத்தின் லேசான சாய்வையும் நம்பித்தான் ஓடுகிறது. 36 அங்குலச் சக்கரம் நிமிடத்துக்கு 700 சுற்று சுற்றினால், பிளேடு நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,000 மீட்டர் ஓடும். 6 மீட்டர் நீளப் பிளேடானால் நிமிடத்துக்கு 330 வலத்துக்கு மேல். ஒவ்வொரு வலத்திலும் மேலே ஒரு தரம், கீழே ஒரு தரம் வளைந்து நிமிர்கிறது. நான்கு மணி நேரத்தில் ஒன்றரை லட்சம் வளைவைத் தாண்டிவிடும். பிளேடின் கனம் சக்கர விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்று தொழிலில் ஒரு கணக்கு இருப்பது இதனால்தான். இந்தச் சக்கரத்துக்கு 0.9 மில்லிமீட்டர். கனத்த பிளேடு உறுதி என்று வாங்கிப் போட்டால் வளைந்து வளைந்து விரிசல் விடும்.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கிலாந்தில் வில்லியம் நியூபெரி இந்த வாளுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் பட்டையின் இரு முனையையும் ஒட்டிய இடம் வளைவைத் தாங்காமல் விட்டுப்போனது. தாங்கும்படி பற்றவைக்கும் வழியை 1846-இல் கண்டு காப்புரிமை கேட்டவர் பிரான்சின் ஆன் பௌலின் கிரெப்பன் என்ற பெண். பிறகு அதைப் பாரிசின் பெரின் நிறுவனம் வாங்கி, நல்ல எஃகோடு சேர்த்தது. பேண்ட்சா ஆலைக்குள் வந்த கதை இதுதான்.

இன்னொன்று. மரத்துக்குள் ஓடும்போது பல் இருக்கும் விளிம்பு சூடாகும், சூடானது நீளும், நீண்டது தளரும், தளர்ந்த விளிம்பு பாம்பு போல நெளிந்து அறுக்கும். இதைத் தடுக்க, தேர்ந்தவர்கள் பிளேடை ரோலரில் கொடுத்து, அதன் நடுப்பகுதியை மட்டும் மயிரிழை அளவு நீட்டிவிடுகிறார்கள். நடு நீண்டதால் விளிம்புகள் இறுகி நிற்கும். பல் விளிம்பு சூட்டில் நீண்டாலும் தளராது. சரியாக நீட்டியிருக்கிறதா என்று பார்க்க, பிளேடை வளைத்துப் பிடித்து, குறுக்கே நேர்விளிம்பை வைத்து, வெளிச்சத்துக்கு நேராகக் காட்டுவார்கள். நடுவில் பிறைபோல ஒரு கீற்று வெளிச்சம் கசிய வேண்டும். அந்தப் பிறையின் கனத்தைப் பார்த்தே பிளேடின் குணத்தைச் சொல்லிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தட்டையான தகடுபோலத் தெரியும் பொருளுக்குள் இப்படி ஒரு வயிறு ஒளிந்திருக்கிறது.

ஆலைக்காரர்கள் எந்திரத்துக்கு லட்சம் லட்சமாகக் கொடுக்கிறார்கள், பிளேடு தீட்டுபவருக்கு ஐநூறு ரூபாய் கூட்டிக் கொடுக்கக் கை வருவதில்லை. அவரை மூலையில் ஒரு தகரக் கொட்டகையில் உட்கார வைக்கிறார்கள். பிளேடு கோணலாக அறுத்தால் எந்திரம் சரியில்லை என்று விற்றவரிடம் சண்டைக்குப் போகிறார்கள். பயந்து மெதுவாகத் தள்ளுவது இன்னொரு தவறு. 40 மில்லிமீட்டருக்கு ஒரு பல் என்றால், நிமிடத்துக்கு 50,000 பல் மரத்தைக் கடந்து போகின்றன. கட்டையை நிமிடத்துக்கு 20 மீட்டர் வேகத்தில் தள்ளினால் ஒரு பல் 0.4 மில்லிமீட்டர் கடிக்கும், தூள் பல்லிடுக்கில் தங்கி வெளியே போய் விழும். 5 மீட்டரில் தள்ளினால் 0.1தான், அந்த மாவுபோன்ற தூள் பக்கவாட்டில் கசிந்து பிளேடுக்கும் மரத்துக்கும் நடுவே நெரிபடும், பிளேடு சூடேறும். உங்கள் பையனுக்கோ தம்பிக்கோ முறையாகத் தீட்டக் கற்றுக்கொடுங்கள். பெங்களூரு மல்லேசுவரத்தில் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, ஓசூர் வழியாக ஒரு பகலில் போய்வந்துவிடலாம். அங்கே போய்க் கேளுங்கள்.

அனுப்பிய துண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல் மழுங்கிப் போகவில்லை, பெயர்ந்திருக்கிறது. ஆணியில் பட்டது. சாலையோரப் புளியமரத்திலும் தோட்டத்து மாமரத்திலும் டியூஷன் விளம்பரம், கட்சித் தட்டி, மனை விற்பனை, எல்லாவற்றையும் ஆணியால் அறைந்துவிட்டுப் போகிறோம். தட்டி ஒரு மாதத்தில் போய்விடும். ஆணியின் மேல் மரம் பட்டை மூடி, வருடக்கணக்கில் உள்ளே வைத்துக்கொள்ளும். பிறகு நிமிடத்துக்கு 2,000 மீட்டர் ஓடும் பிளேடின் முன் அது வெளிப்படும்போது, எதிரே நிற்பவர் ஒரு கூலித் தொழிலாளி. பல் பெயர்ந்து பறக்கும் திசையை யாரும் தேர்ந்தெடுக்க முடியாது. கையில் பிடிக்கும் உலோகம் காட்டும் கருவி, நீங்கள் வாங்கப்போகும் எந்திரத்தின் விலையில் மிகச் சிறிய துண்டு. ரீசாவுக்கு முன்பே அதை வாங்குங்கள். தடியை டிராலியில் ஏற்றுமுன் ஒரு தரம், சதுரித்த கட்டையை ரீசாவில் விடுமுன் ஒரு தரம் தடவிப் பாருங்கள்.

முன்பணம் கொடுக்குமுன் வனத்துறை அலுவலகத்தில் உங்கள் உரிமத்தைக் காட்டி, இன்னொரு எந்திரம் சேர்க்க என்ன அனுமதி வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். நீலகிரி கூடலூர்க் காடுகளைக் காக்கக் கேட்டுப் போன கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் தந்த உத்தரவுக்குப் பிறகு, மர மில் என்பது நினைத்த நாளில் பெருக்கக்கூடிய தொழிலாக இல்லை.

அதன் பிறகு விற்பவரின் பட்டறைக்குப் போங்கள். அவர் காட்டும் சில்வர் ஓக் கட்டையில் எந்த எந்திரமும் அழகாக அறுக்கும். உங்கள் ஊர் மாந்தடியில் நாலு கட்டை சதுரித்து வண்டியில் ஏற்றிப்போய், அதையே அறுக்கச் சொல்லுங்கள். வந்த பலகையை இரு முனையிலும் நடுவிலும் அளவுமானியால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாடு முடிந்ததும், பிளேடை மாற்றாமல், மீதிக் கட்டைகளையும் அறுக்கவிட்டு இன்னொரு முறை அளந்து பாருங்கள்.