அப்பத்தா போனுக்கு என்ன ஆச்சு?

காலாண்டு விடுமுறைக்கு அண்ணன் மகனையும் கூட்டிக்கொண்டு கீரனூர் போயிருந்தேன். பழனிக்கு வடக்கே இருக்கிறது எங்கள் ஊர். தெற்கே பார்த்தால் பழனி மலைத்தொடர் நீலக்கோடாகத் தெரியும். காலையில் திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன். அம்மா கையில் போனோடு வந்தார்.

"ஏங்கண்ணு, நேத்து ராத்திரியிலிருந்து இதுல யாருக்கும் பேச முடியலை. உங்கண்ணன் கூப்பிட்டா, நான் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கேன்னு ஒரு பொம்பளை சொல்றாளாம். நான் எங்க போனேன்? வூட்டுக்குள்ளதான இருக்கேன்!"

வாங்கிப் பார்த்தேன். திரையின் மேலே கம்பெனி பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'அவசர அழைப்புகள் மட்டும்' என்று இருந்தது. சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை.

"அத்தே, குடுங்க. எல்லாத்தையும் அழிச்சு ரீசெட் அடிச்சா சரியாயிரும்" என்றான் பொடியன். ஆறாம் வகுப்பு. விரல் அதற்குள் செட்டிங்ஸைத் தேடிப் போய்விட்டது.

போனைப் பிடுங்கிக்கொண்டேன். "அப்படி ரீசெட் பண்ணினா அப்பத்தா எடுத்த போட்டோ எல்லாம் போயிரும். சரி, இதச் சொல்லு. தோட்டத்துல மோட்டார் ஓடலைன்னா, வர்றவர் எடுத்த எடுப்புல மோட்டாரைக் கழட்டுவாரா?"

யோசித்தான். "இல்லை. முதல்ல கரண்ட் இருக்கான்னு பார்ப்பார். அப்புறம் பீஸ்கட்டை. அப்புறம் ஸ்டார்ட்டர்."

"ஏன் அப்படி?"

"அதெல்லாம் சுலபம். மோட்டாரைக் கழட்டுறது பெரிய வேலை."

அவ்வளவுதான். பழுது பார்ப்பதில் பாதி சூத்திரம் இது: எளிதானதை, கெடுதல் செய்யாததை முதலில் பார். மீதிப் பாதி: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. இரண்டு மூன்றைச் சேர்த்து மாற்றினால் போன் சரியாகலாம். ஆனால் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து தடுமாற வேண்டும்.

திண்ணையில் சாக்பீஸால் நான்கு வட்டம் போட்டேன். போன், சிம், காற்றுவெளி, டவர். நான்கும் சங்கிலிபோல் கோத்திருந்தால்தான் பேச முடியும். இதில் எந்தக் கண்ணி அறுந்தது? துப்பறிவோம் வாருங்கள்.

டவர் உயிரோடு இருக்கிறதா?

இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். பக்கத்து வீட்டில் கேட்டால் போதும். பொடியன் ஓடிப்போய் விசாரித்து வந்தான். அவர்களும் அதே கம்பெனி சிம்தான். சிக்னல் நன்றாக இருக்கிறதாம். டவர் வட்டத்தை அழித்தோம்.

எல்லார் வீட்டிலும் போயிருந்தால்? அப்போது நம் போனைக் குடைவதில் பயனே இல்லை. டவருக்கு மின்சாரம் வேண்டும். கரண்ட் போனால் பேட்டரியும் ஜெனரேட்டரும் கொஞ்ச நேரம் தாங்கும். பல டவர்களுக்குப் பூமிக்கடியில் கண்ணாடி இழைக் கேபிள் போகிறது. பள்ளம் தோண்டும் பொக்லைன் அதை அறுத்துவிட்டால், டவர் நின்றுகொண்டே இருக்கும். பேச்சு மட்டும் போகாது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த கஜா புயல் திண்டுக்கல் மாவட்டம் வரை வந்தது. மின்கம்பங்கள் சாய்ந்த ஊர்களில் போன்களும் ஊமையாயின.

அதே 2018-இல், பிப்ரவரி மாதம், புயல் மழை எதுவும் இல்லாமலே தமிழ்நாட்டில் பெருங்கூட்டத்துக்குச் சிக்னல் போனது. ஏர்செல் என்ற கம்பெனியின் சிம் வைத்திருந்தவர்கள் அவர்கள். 1999-இல் தமிழ்நாட்டில் சேவையைத் தொடங்கிய கம்பெனி அது. கடன் கழுத்தை நெரித்தது. டவர் வைத்திருந்த நிறுவனத்தோடு பணத்தகராறு வந்து பல டவர்கள் நிறுத்தப்பட்டன. ஜனங்கள் போனை அணைத்து அணைத்துப் போட்டார்கள்; சிம்மைத் துடைத்துத் துடைத்துப் போட்டார்கள். பழுது அவர்கள் கையிலேயே இல்லை! எண்ணை மாற்றாமல் வேறு கம்பெனிக்குப் போகும் வசதி 2011 ஜனவரியிலிருந்து நாடு முழுக்க இருக்கிறது. அதற்கு 1900 என்ற எண்ணுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டும். எஸ்.எம்.எஸ். போகச் சிக்னல் வேண்டுமே! கடைகளில் கூட்டம் முட்டியது. அந்த மாதக் கடைசியில் கம்பெனி திவால் மனு கொடுத்தது.

காற்றுவெளியில் தடையா?

அம்மா தினமும் கோடைப் பண்பலை கேட்பார். கொடைக்கானல் மலை மேலிருந்து 100.5 மெகாஹெர்ட்ஸில் வரும் அந்த ஒரே நிலையம் சுற்றிப் பல மாவட்டங்களுக்குக் கேட்கிறது. "அப்போ செல்போனுக்கும் கொடைக்கானல்ல ஒரே ஒரு பெரிய டவர் வெச்சாப் போதாதா?" என்றான் பொடியன்.

நல்ல கேள்வி. வானொலியில் ஒருவர் பேசுகிறார், மற்றவர்கள் கேட்கிறார்கள். போனில் நாமும் பதில் பேச வேண்டும். பண்பலை நிலையத்தின் சக்தி 10 கிலோவாட், அதாவது 10,000 வாட். கையில் இருக்கும் 4ஜி போன் அதிகபட்சம் அனுப்புவது சுமார் 0.2 வாட்தான். வீட்டில் எரியும் 9 வாட் பல்புக்கு 45-இல் ஒரு பங்கு! அந்தச் சின்னக் குரல் பக்கத்தில் இருக்கும் டவருக்குத்தான் எட்டும். அதனால் ஊரைச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்து, அறைக்கு ஒரு டவர் வைக்கிறார்கள். வரைபடத்தில் வரைந்தால் தேன்கூடு மாதிரி இருக்கும். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1947-லேயே இந்த யோசனையை எழுதி வைத்துவிட்டார்கள். அறைக்கு ஆங்கிலத்தில் 'செல்'. செல்போனுக்குப் பெயர் வந்தது அப்படித்தான்.

போன் அலையும் ஒளியும் ஒரே குடும்பம். 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 33 சென்டிமீட்டர். உங்கள் ஸ்கேலைவிடக் கொஞ்சம் நீளம். 5ஜியில் பயன்படும் 3,500 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 8.6 சென்டிமீட்டர்தான். நீள அலை சுவரைத் தாண்டுவதில் கெட்டி. குட்டி அலை சீக்கிரம் சோர்ந்துவிடும். தகரமும் இரும்பும் குறுக்கே வந்தால் இரண்டுமே திரும்பிவிடும்.

என் போனில் 'சிம் நிலை' என்ற பக்கத்தைத் திறந்து காட்டினேன். சிக்னலின் வலிமை அங்கே எண்ணாக இருக்கும். வீட்டுக்குள் −105. மொட்டை மாடிக்குப் போனோம், −85. மைனஸ் எண் என்பதால் 85-தான் பெரியது, கவனம்! இந்தக் கணக்கில் 10 கூடினால் வலிமை பத்து மடங்கு. 20 கூடியிருக்கிறது, ஆகவே நூறு மடங்கு. நாலு படிக்கட்டு ஏறியதற்கு நூறு மடங்கு லாபம். −90 என்பது ஒரு மில்லிவாட்டில் நூறு கோடியில் ஒரு பங்கு. அந்தத் துளியைப் பிடித்தே போன் நம் பாட்டி குரலைக் கேட்க வைக்கிறது.

அம்மாவின் போன் மொட்டை மாடியிலும் மாறவில்லை. அதே 'அவசர அழைப்புகள் மட்டும்'. ஆனால் அந்த வாசகமே ஒரு துப்பு. ஏதோ ஒரு கம்பெனியின் டவர் அந்தப் போனுக்குக் கேட்கிறது என்றுதான் பெரும்பாலும் அதற்குப் பொருள். ஆபத்தில் 112-ஐ அழைத்தால், நம் கம்பெனி சிக்னல் இல்லாவிட்டாலும் கிடைக்கிற டவர் வழியாக அழைப்பு போகலாம். (விளையாட்டுக்கு அழைத்துப் பார்க்கவே கூடாது.) காற்றுவெளி வட்டத்தையும் அழித்தோம்.

போனா, சிம்மா?

விமானப் பயன்முறையைப் போட்டு, அரை நிமிடம் விட்டு எடுத்தோம். இது மந்திரமல்ல. போன் தன் ரேடியோவை அணைத்துவிட்டு, மறுபடி புதிதாக டவரைத் தேடிப் பெயர் பதிய வைக்கும் வழி. பதியும்போது ஒரு விடுகதை நடக்கும். சிம்முக்குள் ரகசியச் சாவி ஒன்று இருக்கிறது; அதன் நகல் கம்பெனியிடம் மட்டும் உண்டு. கம்பெனி ஏதோ ஓர் எண்ணை அனுப்பும். சிம் அதைத் தன் சாவியோடு கலந்து கணக்குப் போட்டு விடையை மட்டும் திருப்பி அனுப்பும். விடை சரியென்றால் உள்ளே வரலாம். சாவி ஒருபோதும் காற்றில் போகாது. கணக்குப் போடுகிறது என்றால், சிம் வெறும் அட்டையல்ல, நகத்தளவு கணினி என்றுதானே பொருள்! அதற்கு மின்சாரம் போனிலிருந்து அந்தப் பொன்னிறத் தகடுகள் வழியாகத்தான் வருகிறது.

பலனில்லை. போனை முழுதாக அணைத்துப் போட்டோம். அதற்கும் பலனில்லை.

இப்போது இடம் மாற்றும் சோதனை. இரண்டு போனையும் அணைத்து, என் சிம்மை அம்மா போனில் போட்டேன். சிக்னல் வந்துவிட்டது! போன் நிரபராதி. அம்மா சிம்மை என் போனில் போட்டேன். 'சிம் இல்லை' என்றது. போன் வட்டத்தையும் அழித்தோம். மிஞ்சியது சிம் மட்டும்.

"அப்ப பழனிக்குப் போயிப் புது சிம் வாங்கணுமா?" என்றார் அம்மா.

"அத்தே, இங்க பாருங்க" என்றான் பொடியன். சிம்மை வெயிலில் சாய்த்துப் பிடித்திருந்தான். பொன்னிறத் தகட்டின் மேல் வெள்ளையாக ஒரு படலம். நான் இரண்டு போனில் மாற்றி மாற்றிப் பார்த்தேனே தவிர, சிம்மைக் கண்ணால் பார்க்கவே இல்லை.

"ஏம்மா, நேத்து இந்தப் போனுக்கு ஏதாச்சும் ஆச்சா?"

"சாயங்காலம் வெத்தலை போட்டுட்டு இருந்தப்ப கீழ விழுந்துச்சு. மூடி கழண்டு சிம்மு தெறிச்சிருச்சு. எடுத்து நாந்தான் சொருகினேன்."

"இதை முதல்லயே சொல்லக்கூடாதா?"

"நீ எங்க கேட்ட?"

வெற்றிலைக்குத் தடவிய விரலில் இருந்த சுண்ணாம்பு! ஈரச் சுண்ணாம்பு கால்சியம் ஹைட்ராக்சைடு. காயும்போது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொண்டு கால்சியம் கார்பனேட் ஆகிறது. சுண்ணாம்புக்கல்லும் இதேதான். காய்ந்துவிட்டால் அது மின்சாரத்தைக் கடத்தாது. தகட்டுக்கும் போனுக்கும் நடுவே ஒரு மெல்லிய கல் சுவர் எழும்பிவிட்டது. துருப்பிடிக்கக் கூடாதென்றுதான் அந்தத் தகட்டுக்குத் தங்கப் பூச்சு. பாவம், தங்கத்தால் சுண்ணாம்பை என்ன செய்ய முடியும்?

பழைய வேட்டித் துணியால் தண்ணீர் தொடாமல் மெல்லத் துடைத்தோம். வேறு எதையும் மாற்றவில்லை. போனில் போட்டதும் கம்பெனி பெயர் வந்தது. அடுத்த நிமிடமே மணியும் அடித்தது. அண்ணன்தான்.

செய்து பாருங்கள்

ஒரு போனை அலுமினியத் தாளில் இடைவெளி இல்லாமல் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றுங்கள். வேறு போனிலிருந்து அழையுங்கள். மணி அடிக்கிறதா? உலோகக் கூண்டு மின் விளைவுகளை உள்ளே விடாது என்று மைக்கேல் ஃபாரடே 1836-இல் செய்துகாட்டினார். அடுத்து, எவர்சில்வர் டிபன் பாக்ஸில் வைத்து மூடி அழையுங்கள். அடித்தால், அலை எந்த இடுக்கில் நுழைந்தது என்று யோசியுங்கள். பெரியவர்களிடம் சொல்லிவிட்டு, ஐந்து நிமிடத்தில் போனை வெளியே எடுத்துவிடுங்கள். சிக்னல் இல்லாத போன் டவரைத் தேடித் தேடிப் பேட்டரியைத் தின்றுவிடும்.

சிக்னல் போனால் இந்த வரிசை

1. கடைசியாக இந்தப் போனுக்கு என்ன ஆனது என்று கேளுங்கள். விழுந்ததா, நனைந்ததா, யாராவது எதையாவது மாற்றினார்களா?
2. அதே கம்பெனி சிம் உள்ள இன்னொரு போனைப் பாருங்கள்.
3. ரீசார்ஜ் முடிந்துவிட்டதா, விமானப் பயன்முறை போட்டிருக்கிறதா?
4. வெளியே அல்லது மாடிக்குப் போய்ப் பாருங்கள்.
5. போனை அணைத்துப் போடுங்கள்.
6. சிம்மை எடுத்து, முதலில் கண்ணால் பாருங்கள். துடைத்துப் போடுங்கள். பிறகு இன்னொரு போனில் சோதியுங்கள்.
7. இதற்கெல்லாம் பிறகுதான் நெட்வொர்க் ரீசெட்டுக்கு வாருங்கள். அது போட்டோக்களை அழிக்காது. வைஃபை கடவுச்சொற்களை மறந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. பக்கத்தில் எல்லாருக்கும் சிக்னல் இருந்து, காரணமே இல்லாமல் வீட்டுப் பெரியவர்கள் போன் மட்டும் திடீரென்று ஊமையானால், யாரோ ஏமாற்றி அதே எண்ணுக்கு வேறு சிம் வாங்கியிருக்கலாம். உடனே கம்பெனியிடமும் வங்கியிடமும் பேசச் சொல்லுங்கள்.

திண்ணையில் நான் போட்டது நான்கு வட்டம். அன்று சாயங்காலம் பொடியன் எல்லாவற்றுக்கும் முன்னால் ஐந்தாவதாக ஒரு வட்டம் வரைந்திருந்தான். உள்ளே எழுதியிருந்தது: 'அப்பத்தாவைக் கேள்'.