புகை எங்கே போனது?

அடுப்பு புகைகிறது. கண் எரிகிறது. பாட்டி ஊதாங்குழலை எடுத்து நாலு ஊது ஊதுகிறார். குபீரென்று தீ பிடிக்கிறது; புகையைக் காணோம்! சங்கராபுரம் பக்கத்துக் கிராமங்களிலும் கல்வராயன் மலை ஊர்களிலும் விறகடுப்பு உள்ள வீட்டுப் பிள்ளைகள் இதைப் பலமுறை பார்த்திருப்பீர்கள். அந்தப் புகை எங்கே போனது?

ஜன்னல் வழியாகப் போகவில்லை. எரிந்துவிட்டது.

விறகில் சூடு ஏற ஏற அதிலிருந்து வாயுக்கள் கிளம்பும். நாம் சுடராகப் பார்ப்பது பெரும்பாலும் அந்த வாயுக்கள் எரிவதைத்தான். போதிய சூடும் காற்றும் கிடைக்காவிட்டால் அவை எரியாமலே வெளியேறும். ஆறியதும் நுண்ணிய துளிகளாகத் திரளும். கரித்துகளும் கூடச் சேரும். அதுதான் புகை. ஊதும்போது ஆக்சிஜன் உள்ளே போகிறது, கங்கு சிவக்கிறது, வாயு பற்றிக்கொள்கிறது. அப்படியென்றால், புகைகிற அடுப்பில் அம்மா தலையில் சுமந்து வந்த விறகில் ஒரு பங்கு சோறு வேகவைக்காமலே ஓடிப்போகிறது!

நம்பிக்கை வரவில்லையா? பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு மெழுகுவத்தி ஒன்றைச் சற்று நேரம் எரியவிட்டு அணையுங்கள். திரியிலிருந்து வெள்ளைப் புகை எழும். எரியும் தீக்குச்சியைத் திரியில் வைக்காமல், அந்தப் புகையில் காட்டச் சொல்லுங்கள். சுடர் புகை வழியே கீழே தாவித் திரியைப் பிடிக்கும்.

ஈர விறகு ஏன் அப்படிப் புகைகிறது? பனிக்கட்டிபோல் குளிர்ந்த, 0 டிகிரித் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப்போல ஐந்து மடங்குக்கு மேல் வேண்டும், கொதித்த அதே தண்ணீரை முழுக்க ஆவியாக்க. விறகுக்குள் ஒளிந்திருக்கும் ஈரம் அடுப்பின் சூட்டை இப்படி விழுங்கிவிடுகிறது. வாயுக்கள் எரியச் சூடு மிஞ்சுவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் அடுப்பு படுத்தும் பாட்டுக்கு இதுதான் காரணம். அடுப்பு மூட்டுபவரைக் குறை சொல்லாதீர்கள்.

புகைத் துகள்களில் பெரும்பாலானவை 2.5 மைக்ரானுக்கும் சிறியவை. நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். இவ்வளவு சின்னத் துகளை மூக்கு முடியால் பிடித்துவைக்க முடியாது. அது நுரையீரலின் கடைசிக் காற்றுப்பைகள் வரை போய் உட்கார்ந்துகொள்ளும். 1980-களின் தொடக்கத்தில் கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்க அறிவியலாளரின் குழு குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்கள் சுவாசிக்கும் காற்றிலுள்ள மாசை அளந்தது. ஆலைப் புகையைப் பற்றியே எல்லாரும் பேசிக்கொண்டிருந்த காலத்தில், சமையலறைக்குள் அளவுக் கருவி நுழைந்தது பெரிய விஷயம்.

வெளியே போன புகையும் சும்மா இருப்பதில்லை. மார்கழி விடியலில் மலையடிவாரத்தில் தரையருகே குளிர்ந்த காற்றும் அதற்கு மேலே கொஞ்சம் வெதுவெதுப்பான காற்றும் இருக்கும். வெதுவெதுப்பான அடுக்கு மூடிபோல் அழுத்த, புகை மேலே ஏற முடியாமல் கூரைகளுக்குச் சற்று மேலே படுத்துக்கிடக்கும்.

ஆஸ்திரேலியாவின் லான்செஸ்டன் நகரமும் பள்ளத்தாக்கில் இருப்பதால் இதே தொல்லையில் மாட்டியது. அங்கே குளிர்காய விறகு எரிப்பார்கள். 2001-இலிருந்து, விறகடுப்பை மாற்றுகிறவர்களுக்கு அரசு பணம் தந்தது. குளிர்காலக் காற்றில் ஒரு கனமீட்டருக்குச் சராசரி 44 மைக்ரோகிராம் இருந்த துகள் 27-ஆகக் குறைந்தது. கனடாவின் மான்ட்ரியல் நகரம் வேறு வழியில் போனது. 2018 அக்டோபர் முதல், மணிக்கு 2.5 கிராமுக்கு மேல் நுண்துகள் விடும் அடுப்பை அங்கே பயன்படுத்தக் கூடாது. புகைமூட்ட எச்சரிக்கை வந்த நாளில் நல்ல விறகடுப்பும் எரியக் கூடாது.

நம் நாட்டிலும் சட்டம் உண்டு. 1981-ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டப்படி, மாநில அரசு ஒரு பகுதியைக் காற்று மாசுக் கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவித்து, அங்கே இன்ன எரிபொருள் கூடாது என்று தடுக்கலாம். அதற்காக நம் கல்வராயன் மலை வெள்ளிமலையில் நாளைக்கே விறகைத் தடைசெய்தால் என்ன ஆகும்? மான்ட்ரியல்காரர் மின்சார ஹீட்டரைப் போட்டுக்கொள்வார். இங்கே உலைப்பானை காயும். தடையை மட்டும் அனுப்புவது நியாயமே இல்லை. தமிழ்நாட்டில் 2007-இல் இலவச எரிவாயு அடுப்புத் திட்டமும், நாடு முழுக்க 2016-இல் உஜ்வலா எரிவாயுத் திட்டமும் வந்தது விறகுக்கு மாற்று தரத்தான். ஆனால் அடுப்பு வந்தால் மட்டும் போதுமா? சிலிண்டர் தீரும்போதெல்லாம் காசு வேண்டும். அடுத்த சிலிண்டர் மலையேறி வர வேண்டும். அதுவரை பருத்திமாரும் சுள்ளியும்தான் கைகொடுக்கும்.

ஆகவே ஊருக்குள் நாமே போட்டுக்கொள்ளக்கூடிய விதிகளைப் பார்ப்போம். பிளாஸ்டிக் கவரைக் கிழித்து அடுப்பு பற்றவைக்கக் கூடாது, வயர் உறையும் பிவிசி குழாய்த் துண்டும் அடுப்புப் பக்கமே வரக் கூடாது என்பது முதல் விதி. பிவிசி எரிந்தால் டையாக்சின் என்ற நஞ்சு உண்டாகலாம். புதிதாகக் கட்டும் சமையலறைக்குப் புகைபோக்கி வேண்டும் என்று இன்னொன்று வைக்கலாம். எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது: மழைக்கு முன்பே பிளந்து காயவைத்த விறகுக்கு ஒரு கூரை. தகரமோ கீற்றோ, எதுவானாலும் சரி.

இந்த விதிகளை முன்வைக்க ஏற்ற இடமான கிராம சபை அக்டோபர் 2 அன்று கூடும். வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அந்த மாதப் பிற்பகுதியில்தான் தொடங்கும். கூரை போட நடுவில் இரண்டு வாரமாவது கிடைக்கும்.