இந்தியத் தேனீக் குடும்ப இழப்பும் புழு அடைக் கண்காணிப்பும்

ஆய்வுச் சுருக்கம்

தேனீக் குடும்பங்கள் அழியும் முறை காரணத்திற்கேற்ப வேறுபடுகிறது. பறக்கும் தேனீக்களை மட்டும் நோக்கும் கண்காணிப்பு, இந்தியத் தேனீயைத் தாக்கும் பை நோயைக் காலங்கடந்தே காட்டும். புழு அடையே அந்நோயின் முதற்சான்று என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: இந்தியத் தேனீ, தாய்லாந்து பை நோய், புழு அடை, குடும்ப இழப்பு, மார்த்தாண்டம்

முன்னுரை

தமிழகத்தில் பெட்டித் தேனீ வளர்ப்புக்குப் பெயர்பெற்றது கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம் பகுதியாகும். அங்குப் பெரிதும் வளர்க்கப்படுவது இந்தியத் தேனீ. 1976இல் தாய்லாந்தில் கண்டறியப்பட்ட பை நோய், 1991-92ஆம் ஆண்டுகளில் தென்னிந்தியாவில் பரவி, இவ்வினத்தின் குடும்பங்களில் பெரும்பகுதியை அழித்தது. அவ்வழிவின் தன்மையை அறிவது இன்றைய கண்காணிப்புக்கு அடிப்படையாகும்.

இருவகை இழப்பு

2006இல் அமெரிக்காவில் கவனத்திற்கு வந்த குடும்பச் சிதைவில் முதிர்ந்த பணித்தேனீக்கள் மறைந்தன. இராணியும் புழுக்களும் தேனும் பெட்டியில் எஞ்சின. பை நோயிலோ முதலில் புழுக்கள் மடிகின்றன; முதிர்ந்த தேனீக்கள் எஞ்சுகின்றன. எனவே ஓரினத்திற்கு வகுத்த கண்காணிப்பு முறை மற்றோரினத்திற்கு அப்படியே பொருந்துவதில்லை.

நோயின் போக்கு

நோயுற்ற புழுவை அகற்றும் பணித்தேனீயின் உடலில் தீநுண்மி புகுந்து, அது ஊட்டும் உணவின் வழியே அடுத்த புழுவை அடைகிறது. பாதிக்கப்பட்ட புழு கூட்டுப்புழுவாகாமல், தோலுக்கடியில் நீர் தேங்கிப் பை போலாகி இறக்கிறது. வெண்மை மங்கிப் பழுப்பேறி, தலை மேல்நோக்கி வளைந்து, படகு வடிவில் அறையில் கிடக்கிறது. முன்பே பிறந்த தேனீக்கள் வழக்கம்போல் மகரந்தம் கொண்டுவருவதால் பெட்டி வாயிலில் குறை புலப்படாது. அவை இறக்கும்போது ஈடுசெய்யப் புதிய தேனீக்கள் இல்லாமையால் குடும்பம் மெலிகிறது. சில வேளைகளில் கூட்டைவிட்டு ஓடிவிடுகிறது.

பிற காரணங்கள்

இத்தாலியத் தேனீக்குப் பெருங்கேடான வாரோவா உண்ணி, இந்தியத் தேனீயில் பெரிதும் ஆண் தேனீயின் அறைகளிலேயே பெருகுவதால் தீங்கு குறைவு. ரப்பர் தளிர்களின் இனிப்புநீர் ஓய்ந்தபின் வரும் மழைக்கால உணவுப் பற்றாக்குறையும் கூடு துறத்தலுக்குக் காரணமாகிறது. மெழுகு அந்துப்பூச்சி பெரும்பாலும் மெலிந்த குடும்பத்தையே தாக்குகிறது. காலிப் பெட்டியில் அதன் வலையைக் கண்டு அதுவே காரணம் எனல், விளைவைக் காரணமாகக் கொள்வதாகும்.

கண்காணிப்பு

முட்டையிட்டது முதல் அறை மூடப்படும்வரை ஏறத்தாழ 8 நாள்களே ஆகின்றன. ஆதலின் வாரந்தோறும் புழு அடையைக் காண்பது தகும். முட்டையின் இருப்பு, புழுவின் நிறம், மூடிய அறைகளின் தொடர்ச்சி, உணவு இருப்பு ஆகியவற்றைப் பதிவுசெய்தல் வேண்டும். அறைகள் சிதறிக் காணப்படுதல் இராணியின் முதுமையாலும் நிகழுமாதலின், புழுவின் தோற்றத்தோடு இணைத்தே முடிவு செய்தல் வேண்டும். நோயைத் தீர்க்கும் மருந்து இன்மையின், நோயுற்ற பெட்டியின் சட்டங்களைப் பிற பெட்டிகளுக்கு மாற்றாதிருத்தல், இராணியைச் சிலகாலம் அடைத்து முட்டையிடலை நிறுத்துதல், பிழைத்த குடும்பங்களிலிருந்து புதிய இராணிகளை உருவாக்குதல் ஆகியனவே வழிகள்.

முடிவுரை

எடை காட்டும் கருவியும் வாயில் எண்ணிக்கையும் இழப்பின் பிற்பகுதியையே பதிவு செய்கின்றன. இந்தியத் தேனீயைப் பொறுத்தவரை, தேனீக்கள் குறையும் முன்பே எச்சரிப்பது புழு அடையாகும்.