தந்தியும் நாதமும்

விழா மேடைகளில் பேஸ் கிதார் வாசிக்கும் நம் இளைஞர், ஒலி நிறைவாக அமையாவிடில் உடனே புதிய வாத்தியத்தை நாடுகின்றனர். எம் தம்பியும் அவ்வாறே கேட்டான். சேமநிதியில் கடன் கோரி விண்ணப்பம் எழுத அமர்ந்தபோதுதான், முதலில் தந்தியை மாற்றிப் பார்ப்போம் என்று எமக்குத் தோன்றியது.

தந்திகள் பெரும்பாலும் இரு வகைப்படும். எஃகு நடுக்கம்பியின்மேல் உருண்டைக் கம்பி சுற்றியவை கணீரென்று ஒலிக்கும். ஆயின் வியர்வையும் அழுக்கும் சுற்றின் இடுக்குகளில் படிவதால் விரைவில் மங்கும். தட்டைக் கம்பி சுற்றியவை வழவழப்பானவை, விரல் உரசும் ஓசை குறைவு, நாதம் கும்மென்று இழையும், நெடுநாள் உழைக்கும்.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்துக்காக வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், 1962-ஆம் ஆண்டின் ஃபெண்டர் பிரிசிஷன் கிதாரில் தடித்த தட்டைச் சுற்றுத் தந்திகளையே பூட்டியிருந்தார். அவற்றை அவர் மாற்றியது மிக அரிது. தந்தி தாங்கும் குதிரையருகே ஒரு துண்டு நுரைப்பஞ்சு. மீட்டியதோ வலக்கைச் சுட்டுவிரல் ஒன்றே. 1960-களின் புகழ்பெற்ற பாடல்கள் பலவற்றை அந்நாதம் தாங்கியது.

தம்பிக்கும் அவ்வகைத் தந்திகளே வாங்கினோம். சங்க விழாவில் பாடியவரின் குரலை மூடாது, அடியில் நின்று தாங்கின. அன்பர்களும் முதலில் தந்தியைக் கவனிப்பார்களாக. வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைப்பதையும் மறவற்க. எம் விண்ணப்பம் இன்னும் பெட்டியிலேயே கிடக்கிறது.