ஆறு மாத அஜீரணத்துக்கு இருபது நாள் கஷாயம்

தின்ற சோறு நெஞ்சில் நின்றுவிட்டால் கொரியர்கள் 'செஹெத்தா' என்பார்கள். வீட்டு வைத்தியம் ஒரு சொட்டு ரத்தம்: கட்டைவிரல் நகத்தடியில் ஊசியால் ஒரு குத்து. செலவு சுழியம். அடுத்தது மருந்துக் கடையில் 75 மில்லி புட்டி, 1897இல் பிறந்த ஹ்வால்மியோங்சுவின் வழிவந்த மூலிகை நீர்.

இவை ஒருவேளைச் சங்கடத்துக்கு. நாள்பட்டதற்குக் கணக்கு வேறு. சர்வதேச ரோம் வரையறை (2016) தொந்தரவு தொடங்கி 6 மாதமாவது ஆகியிருக்க வேண்டும், கடைசி 3 மாதம் விடாமல் இருக்க வேண்டும் என்கிறது. அதோடு புண்ணோ கட்டியோ இல்லை என்றும் தெரிய வேண்டும். 40 வயது கடந்தோருக்கு 2 ஆண்டுக்கு ஒருமுறை இரைப்பை உள்நோக்கிச் சோதனையைக் கொரிய அரசே தருகிறது. எடை குறைந்தாலோ மலம் கறுத்தாலோ கஷாயத்துக்கு முன் அதுதான்.

கஷாயம் எவ்வளவு? 1613இல் அச்சான ஹோ ஜுனின் மருத்துவ நூல் 'தோங்குய் போகம்' சொல்லும் செரிமானக் கஷாயம் 'பியோங்விசான்'. அதில் ஒரு பொட்டலத்தை நிறுத்துப் பார்ப்போம். கொரிய எடை ஒரு 'தோன்' 3.75 கிராம். சாங்சுல் கிழங்கு 2 தோன், காய்ந்த ஆரஞ்சுத் தோல் 1.4, மக்னோலியா பட்டை 1, அதிமதுரம் 0.6. ஆகமொத்தம் 5 தோன், 18.75 கிராம். இஞ்சி 3 துண்டும் இலந்தை 2 பழமும் தனி. பாதிச் சரக்கு நம் நாட்டு மருந்துக் கடையிலும் கிடைப்பதுதான்!

நாளுக்கு 2 பொட்டலம், 10 நாளுக்கு 20. அதற்கு ஒரு 'ஜே' என்று பெயர். எடை 375 கிராம். அதில் அதிமதுரம் மட்டும் 45 கிராம், அதாவது நாளுக்கு 4.5. ரத்த அழுத்தக்காரர்கள் இந்த ஒரு வரியை இருமுறை படிக்கட்டும். அதிமதுரம் பொட்டாசியத்தைக் குறைத்து அழுத்தத்தை ஏற்றும். வைத்தியர் ஆளைப் பார்த்து அளவைக் கூட்டிக் குறைப்பது இதற்காகவும்தான்.

இனி பணம். கொரியாவின் தேசியக் காப்பீடு 1987 முதல் குத்தூசிக்கும் பொடி மருந்துக்கும் கொடுக்கிறது. 56 கூட்டுப் பொடிகளில் பியோங்விசானும் ஒன்று. காய்ச்சிய கஷாயத்துக்கு மட்டும் 2020 நவம்பர் வரை ஒரு வொன் கிடையாது. அப்போதும் மூன்று நோய்க்கே, பாதிச் செலவுக்கே. அஜீரணம் பட்டியலில் ஏறியது 2024 ஏப்ரல் 29. சிறு மருத்துவமனையில் நோயாளி பங்கு 30 சதவீதம். 10 நாளுக்கு 40,000 முதல் 80,000 வொன் சொச்சம். 16 வொன் ஒரு ரூபாய் என்றால் 2,500 முதல் 5,000 ரூபாய்.

இடிப்பது ஒரே இடத்தில். ஒரு நோய்க்கு ஆண்டுக்கு 20 நாள்தான். தொடங்கி ஆறு மாதம் ஆனால்தான் நோய் என்கிறது வரையறை; காப்பீடோ மருந்தை மூன்று வாரத்துக்குக்கூட முழுசாக அளக்கவில்லை. மீதி 345 நாளும் கஷாயம் வேண்டுமென்றால் முழு விலை. குத்தூசிக்கும் பொடிக்கும் அந்த 20 நாள் வரம்பு இல்லை. அவற்றுக்குப் போகும் 65 வயது கடந்தவர், 15,000 வொன்னுக்குள் பில் வந்தால், 1,500 வைத்துவிட்டு எழுந்து வரலாம்.