அலுமினியச் சைக்கிளும் உத்தரவாதப் பத்திரமும்

அலுமினியம் கறள் பிடிக்காது என்று சைக்கிள் வியாபாரிகள் சொல்வதை நேயர்கள் கேட்டிருப்பீர்கள். அது பொய்யன்று, ஆயினும் முழு உண்மையுமன்று. கறள் என்பது இரும்புக்கும் உருக்குக்கும் உரிய நோய். அலுமினியத்துக்கு அந்நோய் வருவதில்லை. அதற்கென வேறொரு நோய் உண்டு. அது செந்நிறங் காட்டி எச்சரிப்பதில்லை. வெண்ணிறப் பொடியாக, பெரும்பாலும் நம் கண்ணுக்கு எட்டாத மூட்டுக்களுக்குள்ளே தொடங்குகின்றது. அந்த அரிப்பு எவ்வாறு உண்டாகின்றது, அதில் எது சைக்கிளைச் செய்த கம்பனியின் குறை, எது வைத்திருப்பவரின் கவனக்குறைவு, உத்தரவாதங் கேட்டுச் செல்லும்போது எதனை எவ்வாறு எடுத்துச் சொல்லவேண்டும் என்பனவே இன்றைய பேச்சின் பொருள்.

இலங்கையில் 2022 ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, பெற்றோல் வரிசையில் நின்று சலித்தவர்கள் பலர் சைக்கிளுக்கு மாறினார்கள். அலுமினியச் சட்டகம் கொண்ட வண்டிகள் அதன்பின் பல வீடுகளுக்கு வந்து சேர்ந்தன. நம் பாட்டன்மார் ஓட்டிய உருக்குச் சைக்கிளோ வேறு வகையானது. வாரம் ஒருமுறை எண்ணெய்த் துணியால் துடைத்தாற் போதும். சட்டகம் உடைந்தால் சந்தியிலுள்ள பட்டறையில் ஒட்டுவித்துக்கொள்ளலாம். அந்தப் பழக்கத்திலேயே அலுமினிய வண்டியையும் நடத்துபவர் இரண்டு மூன்று ஆண்டுகளில் ஏமாற்றமடைய நேரும். அதிலும் கடலோரத்தில் வாழ்பவர் சற்று முன்னதாகவே ஏமாற்றமடைவார்.

அலுமினியம் உண்மையில் மிகச் சுறுசுறுப்பான உலோகம். காற்றுப் பட்ட கணத்திலேயே ஒட்சிசனுடன் சேர்ந்து, தன்மீது மெல்லியதோர் ஒட்சைட்டுப் போர்வையைப் போர்த்துக்கொள்கின்றது. அப்போர்வையின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் சில பங்குகளே. கீறினாலும் உடனே மீண்டும் மூடிக்கொள்ளும். அலுமினியத்தைக் காப்பது அதுவே. ஆனால் கடும் புளிப்பும் கடுங் காரமும் அப்போர்வையைக் கரைத்துவிடும். உப்போ அதனைப் பொத்துவிடும். அலுமினியச் சட்டியில் புளிக்குழம்பை வைத்தெடுத்தால் உட்புறம் வெளிறிப்போவதையும், உப்புநீரை இரவு முழுதும் வைத்திருந்தால் மறுநாள் வெள்ளைப் புள்ளிகள் தோன்றுவதையும் நம் இல்லத்தரசிகள் நன்கறிவர். அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் ஒரு சிறு குழி. சைக்கிளில் நேர்வதும் அதுவே. கடற்காற்று கொண்டுவரும் உப்பும், ஓட்டுபவரின் வியர்வையிலுள்ள உப்பும் அங்கே சட்டியிலிட்ட உப்பின் வேலையைச் செய்கின்றன.

இதனினும் பெரிய தொல்லை இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொடுமிடத்தில் உண்டாகின்றது. 1800 ஆம் ஆண்டில் இத்தாலிய விஞ்ஞானி வோல்ற்றா என்பவர், இரு வேறு உலோகத் தகடுகளுக்கிடையே உப்புநீரில் நனைத்த துணியை வைத்து அடுக்கி மின்னோட்டம் பெற்றார். இருவேறு உலோகமும் உப்புநீரும் சேருமிடமெல்லாம் ஒரு மின்கலமே. அக்கலத்தில் சுறுசுறுப்பு மிகுந்த உலோகம் கரைந்துபோகும், மற்றது தப்பிக்கொள்ளும். நம் கடற்றொழிலாளர் இதனை நாள்தோறும் காண்கின்றனர். படகின் வெளியிணைப்பு இயந்திரத்தின் அலுமினியக் காலில் ஒரு நாகத்துண்டு பூட்டப்பட்டிருக்கும். நாகம் அரிபட்டுத் தேய, கால் பிழைத்திருக்கும். சைக்கிளில் அத்தகைய நாகத்துண்டு இல்லை. உருக்குத் திருகாணியும் அலுமினியச் சட்டகமும் சந்திக்கும்போது பலியாவது அலுமினியமே. காபன் நாரினாற் செய்த பாகங்களைப் பொருத்தினால் நிலைமை இன்னும் மோசமாகும். காபன் உலோகமன்று எனினும், இவ்விடயத்தில் உருக்கைவிடக் கொடிய அயலவன்.

பிரித்தானியக் கடற்படை இப்பாடத்தைக் கப்பலிற் கற்றது. 'அலாம்' என்னும் போர்க்கப்பலின் அடிப்புறத்துக்கு 1761 ஆம் ஆண்டிற் செப்புத்தகடு போர்த்தார்கள். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, தகட்டைப் பிடித்திருந்த இரும்பாணிகள் பல கரைந்து போயிருந்தன. ஆனால் சில ஆணிகள் கெடாமல் இருந்தன. தகடு சுற்றி வந்த பழுப்புக் கடதாசி தற்செயலாக அவ்வாணிகளுக்கும் செம்புக்கும் இடையே அகப்பட்டிருந்தமையே காரணம். உலோகங்கள் நேரே தொடாதபடி இடையில் ஒன்று இருந்தாற் போதும். சைக்கிளில் அந்தக் கடதாசியின் இடத்தை வகிப்பது கிறீஸ்.

முதலில் ஆசனத் தண்டைக் கவனிப்போம். இங்கேதான் அதிகச் சட்டகங்கள் வீணாகின்றன. தண்டு சட்டகக் குழாயினுள் இறுக்கமாக நுழைந்திருக்கின்றது. மழைநீரும் வியர்வையும் அந்த மெல்லிய இடைவெளியில் இறங்கித் தங்குகின்றன. அங்கே தோன்றும் வெள்ளைப்பொடி, தான் பிறந்த உலோகத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே பொடி மிக மிகத் தண்டு இறுகும். ஓரிரு ஆண்டுகளில் சட்டகமும் தண்டும் ஒரே துண்டுபோலாகிவிடும். வளர்ந்துவரும் பிள்ளைக்கு ஆசனத்தை உயர்த்தப் போகும் அன்றுதான் தந்தைக்கு இது தெரியவரும்.

தடுக்கும் வழி எளிது. ஆண்டுக்கு இரண்டு முறை, கடலோரமாயின் மூன்று முறை, தண்டை முற்றாகக் கழற்றி, குழாயின் உட்புறத்தைத் துணியால் துடைத்து, கிறீஸ் பூசி மீண்டும் பொருத்தவேண்டும். காபன் தண்டாயின் சாதாரண கிறீஸ் ஆகாது. அதற்கெனச் செய்த பசை கடைகளிற் கிடைக்கும். ஏற்கெனவே இறுகிவிட்டதெனில், ஊடுருவும் எண்ணெயை விளிம்பில் விட்டு ஓரிரு நாள் பொறுத்திருந்து, மேலே இழுக்காமல், இடமும் வலமுமாகத் திருப்பிப் பார்க்கவேண்டும். கோஸ்ரிக் சோடா ஊற்றினால் கரைந்துவிடும் என்று சொல்வோர் உளர். உருக்குச் சட்டகத்தில் சிக்கிய அலுமினியத் தண்டுக்கு அது ஒருவாறு பொருந்தும். அலுமினியச் சட்டகத்திலோ அது தண்டோடு சட்டகத்தையும் தின்றுவிடும். நெருப்புக் காட்டுவதும் தகாது. ஏன் என்பதைப் பின்னர் சொல்கின்றேன்.

போத்தல் தாங்கியின் திருகாணிகள், கம்பிவடத்தைப் பிடிக்கும் தறையாணிகள், மிதிகட்டை அச்சுக்கூட்டின் அடிப்புறம் ஆகியனவும் பார்க்கவேண்டிய இடங்களே. அச்சுக்கூட்டின் அடியில் நீர் வடியச் சிறு துளை இருக்கும். அது சேற்றால் அடைபடக் கூடாது. வர்ணத்தின் கீழ் மெல்லிய புழுக்கள் ஊர்ந்தாற்போலக் கோடுகள் தென்படுமாயின், அதுவும் ஒருவகை அரிப்பே. அழகைக் கெடுக்குமேயன்றி வலுவைப் பெரிதுங் குறைப்பதில்லை.

கழுவுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. குறிகாட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் ஏற்றிச் சென்ற சைக்கிளை வீட்டுக்கு வந்ததும் கழுவுவது நல்லதே. ஆனால் உவர்க்கிணற்று நீரிற் கழுவி வெயிலில் உலரவிட்டால், நீர் போய் உப்பு நிற்கும். நன்னீரிற் கழுவித் துணியால் துடைப்பதே முறை.

இனி உயிருக்கு ஆபத்தான விடயம் ஒன்றுண்டு. அது வெடிப்பு. உருக்குக்கு ஓர் எல்லையுண்டு; அவ்வெல்லைக்குட்பட்ட சுமையை எத்தனை இலட்சந் தடவை ஏற்றினாலும் அது தாங்கும். அலுமினியத்துக்கு அவ்வாறானதோர் எல்லை இல்லை. சிறுசிறு சுமைகளும் சேர்ந்து சேர்ந்து அதனைக் களைப்படையச் செய்யும். சர்வதேச நியமங்கள் நிறுவனத்தின் 4210 ஆம் இலக்க நியமப்படி, சட்டகத்தை மிதிக்கும் விசைக்கு 1,00,000 தடவை உட்படுத்திப் பார்க்கிறார்கள். ஆனால் அது புதிய சட்டகத்தின் மீது நடத்தப்படும் சோதனை. உப்பு தோண்டிய குழியொன்று இருக்குமாயின், களைப்பு அங்கிருந்தே வெடிப்பாகத் தொடங்கும். உருக்கி ஒட்டிய மூட்டுக்களின் ஓரத்தில் மயிரிழை போன்ற கோடு தென்பட்டாலும், மிதிக்கும்போது முன்பில்லாத கிறீச்சொலி எழுந்தாலும், வண்டியை நிறுத்திவிட்டுப் பார்க்கவேண்டும். நகத்தால் வருடும்போது கோடு தட்டுப்பட்டால், வர்ணம் மட்டும் வெடித்ததென்று எண்ணி ஓட்டுதல் ஆகாது.

உத்தரவாதப் பத்திரத்துக்கு வருவோம். அதனைப் படிப்பவர் சிலரே. வாங்கிய அன்று படிப்பவர் அதனினும் சிலர். அநேகமான பத்திரங்கள் மூன்று விடயங்களைச் சொல்லும். உத்தரவாதம் முதலில் வாங்கியவருக்கே உரியது. அது மூலப்பொருளிலும் வேலைப்பாட்டிலுமுள்ள குறைகளை மட்டும் ஏற்கும். விபத்து, தேய்மானம், பராமரிப்பின்மை, அரிப்பு ஆகியவற்றை ஏற்காது. சில கம்பனிகள் சட்டகத்துக்கு 'ஆயுட்கால' உத்தரவாதம் அளிக்கின்றன. யாருடைய ஆயுள்? வாங்கியவருடையதா, சட்டகத்துடையதா? சட்டகத்தின் பயன்படு காலம் என்று சிறிய எழுத்திற் போட்டிருப்பதும் உண்டு. வர்ணத்துக்கான காலம் பெரும்பாலும் மிகக் குறைவாகவே இருக்கும்.

அரிப்பு என்ற ஒரு சொல்லைக் காட்டி எல்லாவற்றையும் மறுத்துவிட இப்பத்திரங்கள் இடந்தருகின்றன. இது நியாயமென்று எனக்குத் தோன்றவில்லை. ஆசனத் தண்டு இறுகினால், அதனைக் கழற்றிக் கிறீஸ் பூசாதது நம் தவறு. அதற்குக் கம்பனியிடம் போவது வீண். ஆனால் வாங்கி ஓராண்டு கழியுமுன்னரே உருக்குத் தறையாணியைச் சுற்றி வர்ணம் கொப்புளித்தால், அவ்விரு உலோகங்களையும் சேர்த்தவர் யார்? இடையே காப்பு வைக்காது விட்டவர் யார்? அந்த ஆணியை நாம் கழற்றவோ, கிறீஸ் பூசவோ வழியில்லை. அது வேலைப்பாட்டின் குறையே. மூட்டின் ஓரத்தில் தோன்றும் வெடிப்பும், மோதிய அடையாளம் இல்லையெனில், அவ்வகையைச் சேர்ந்ததே.

ஆகவே முறைப்பாட்டில் 'சைக்கிள் அரித்துவிட்டது' என்று எழுதலாகாது. எந்த இடத்தில், எந்த ஆணியைச் சுற்றி, எத்தனை மில்லிமீற்றர் அகலத்துக்கு, எப்போது முதலிற் கண்டீர்கள் என்று எழுதுங்கள். பகல் வெளிச்சத்தில், அளவுகோலை அருகில் வைத்துப் படமெடுங்கள். முழு வண்டியையும் ஒரு படம் எடுத்தல் நலம். பராமரிப்பு நன்றாக இருந்ததென்பதற்கு அதுவே சாட்சி. அச்சுக்கூட்டின் அடியிற் பொறித்துள்ள தொடர் இலக்கத்தையும், பற்றுச்சீட்டின் பிரதியையும் சேருங்கள். அதற்கு முன் எதனையும் சுரண்டவோ, வர்ணம் பூசவோ, துளையிடவோ வேண்டாம். மாற்றம் செய்த சட்டகம் என்று மறுப்பதற்கு அது காரணமாகிவிடும். கடைக்காரர் வாய்மொழியாக 'பார்ப்போம்' என்றால், கடிதத்தைக் கையளித்துத் திகதியிட்ட ஒப்பம் பெற்றுக்கொள்ளுங்கள்.

பத்திரம் எதனைச் சொன்னாலும் நாட்டுச் சட்டம் என்று ஒன்றிருக்கின்றது. 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், வியாபாரி விற்கும் பொருள் விற்பனைக்கேற்ற தரமுடையதாக இருத்தல் வேண்டும் என்பதைப் பொதுவாக ஒரு நிபந்தனையாகக் கொள்கின்றது. ஆனால் வாங்குபவர் பொருளைச் சோதித்துப் பார்த்திருந்தால், அச்சோதனையில் தெரிந்திருக்கக்கூடிய குறைக்கு அந்நிபந்தனை பொருந்தாது. எனவே கடையிலேயே மேலோட்டமாகப் பார்த்துத் தலையசைத்துவிடாதீர்கள். உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளைப் பற்றிய முறைப்பாடுகளை, 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தினால் நிறுவப்பட்ட நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடமும் எழுத்தில் தெரிவிக்கலாம். காலந் தாழ்த்தாது தெரிவிக்கவேண்டும். பற்றுச்சீட்டு இல்லாதவருக்கு இவ்வழிகள் மிகக் கடினமாகும். ஜப்பானிலிருந்து வரும் பழைய சைக்கிள்களை வாங்குவோருக்குக் கம்பனி உத்தரவாதம் பெரும்பாலும் கிடையாது. ஆகையால் அவர்கள் ஆசனத் தண்டு அசைகின்றதா என்பதைக் கடையிலேயே திருப்பிப் பார்ப்பது நன்று.

முறைப்பாடு மறுக்கப்பட்டு, வெடித்த சட்டகம் கையில் நின்றுவிட்டால் என்ன செய்வது? பட்டறையில் ஒட்டுவிக்கலாம் என்று பலர் எண்ணுவர். 6061 என்று குறிக்கப்படும் கலப்புலோகத்தில் மகனீசியமும் சிலிக்கனும் சேர்ந்திருக்கின்றன. ஒட்டியபின் அதனை ஏறக்குறைய 530 பாகை செல்சியசுக்குச் சூடாக்கி, விரைந்து குளிர்வித்து, மீண்டும் பல மணிநேரம் இளஞ்சூட்டில் வைத்தாலன்றி அதன் பதம் திரும்பாது. தொழிற்சாலையில் அவ்வாறு செய்கிறார்கள். சந்திப் பட்டறையில் அதற்கு வசதியில்லை. நெருப்புக் காட்டக் கூடாதென்று முன்னர் சொன்னதற்கும் இதுவே காரணம். ஒட்டிய இடம் பளபளப்பாக இருந்தாலும் அதன் அருகிலுள்ள உலோகம் மென்மையாகி, மறுபடியும் அங்கேயே முறியும். சில்லுகள், மிதிகட்டைகள், கைபிடி ஆகியவற்றைக் கழற்றி வேறொரு சட்டகத்திற் பூட்டிக்கொண்டு, வெடித்ததை நிறைக்குப் போட்டு விற்றுவிடலாம். கொடுக்குமுன் குழாயை அறுத்துவிடுங்கள். இல்லாவிடில் யாரேனும் ஒருவர் வர்ணம் பூசி அதனை மீண்டும் ஓட்டுவார்.