கரப்பான் வளர்ப்பு

தாம்பரத்தை அடுத்துள்ள மாடம்பாக்கத்திற்கு அண்மையில், வண்டலூரில், அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா 1985-ஆம் ஆண்டு திறக்கப்பெற்றது. அங்கே ஊர்வனவற்றைக் காணும் சிறுவருக்கு அவற்றை வீட்டில் வளர்க்கும் ஆசை எழுதல் இயல்பே. ஆனால் நம் நாட்டு உடும்பு, பச்சோந்தி, நட்சத்திர ஆமை ஆகியவற்றைப் பிடித்து வளர்த்தல், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். ஆதலின் ஆஸ்திரேலியத் தாடி ஓணான் போன்ற அயல்நாட்டு ஊர்வனவற்றைச் சிலர் வளர்க்கின்றனர்.

தாடி ஓணான் இளமையில் பெரிதும் பூச்சிகளையே தின்னும். சமையலறைக் கரப்பானைப் பிடித்து இட்டால் என்ன? அது சாக்கடையில் திரிந்தது. பூச்சிமருந்தைத் தின்றிருக்கவும் கூடும். கரப்பானின் வயிற்றிலுள்ள நஞ்சு, அதனைத் தின்னும் ஓணானையும் சேரும். எனவே, உணவுக்குரிய பூச்சியைத் தனியே வளர்த்தல் வேண்டும்.

இதற்கு ஏற்றது தென்னமெரிக்காவைச் சார்ந்த தூபியாக் கரப்பான். வழவழப்பான பக்கங்களில் ஏற அதனால் இயலாது. பெண் கரப்பான் முட்டைகளைத் தன் உடலினுள்ளேயே பொரித்துக் குஞ்சுகளை ஈனும். ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அது நன்கு பெருகும். நம் ஊர் வெயில் அதற்கு உகந்ததே.

வலையிட்ட மூடியுள்ள பெட்டியில் முட்டை அட்டைகளை நிறுத்தி, இருளாக வைத்தல் வேண்டும். காரட், பூசணித் துண்டுகள் உணவும் நீரும் ஆகும். கழிவின் தூசு சிலருக்கு மூச்சுத் தொல்லை தருமாதலால், மூக்கை மூடிக்கொண்டு அதனை அகற்றுதல் நன்று. பூச்சிகளில் சுண்ணாம்புச் சத்துக் குறைவு. ஆகவே கால்சியத் தூளைத் தூவியே ஓணானுக்கு இடுவர்.

ஓர் உயிரை வளர்க்க விழைவோர், அதன் உணவையும் தூய்மையாகப் பேணக் கடமைப்பட்டவராவர்.